பிரைமரிக்கு வராத என் மக்களுக்கு

மோரிஸ்வில், வட கரோலினா
2025 ஆகஸ்ட்

கேரி, மோரிஸ்வில், ஏப்பெக்ஸ், சார்லட் பக்கம் குடியிருந்து, சிட்டிசன்ஷிப்பும் வாங்கிவிட்ட என் அன்புத் தமிழர்களுக்கு,

வணக்கம். ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. நண்பர் மகளின் கிராஜுவேஷன் விருந்து. பிசிபேளாபாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் போனைப் பார்த்துச் சொன்னார்: "டில்லிஸ் அடுத்த தடவை நிக்கலையாம்." பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "யாரு?" "நம்ம செனட்டர்ங்க." "ஓ, அவரா. ஏன், நல்லாத்தானே இருந்தாரு?" அவ்வளவுதான், பேச்சு விம்பிள்டனுக்குப் போய்விட்டது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, விருந்தில் அரசியல் கேட்பேன். அன்றும் கேட்டேன். ஹாலில் ஓட்டுரிமை உள்ளவர்கள் இருபது பேர் இருந்திருப்போம். "போன வருஷம் மார்ச் மாசம் பிரைமரியில ஓட்டுப் போட்டவங்க யாரு?" பிரைமரி என்றால், நவம்பர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவுசெய்யும் முன்தேர்தல். என்னோடு சேர்த்து இரண்டு கைகள் எழுந்தன. இரண்டாவது கைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மார்ச்சா? நான் நவம்பர்னு நினைச்சேன்" என்று இறக்கிக்கொண்டார்.

அந்த ஹாலுக்குத்தான் இந்த மடல். செனட்டர் தாம் டில்லிஸுக்கு எழுதலாம், அவர் முடிவெடுத்துவிட்டார். அவருடைய ரிப்பப்ளிகன் கட்சிக்காரர்களுக்கு எழுதலாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, தெரிந்தாலும் கேட்கமாட்டார்கள். "ஏன், நல்லாத்தானே இருந்தாரு" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதில் நம் பெயரும் வருகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டில்லிஸை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. ஐபிஎம்மிலும் பெரிய கன்சல்டிங் கம்பெனியிலும் வேலை பார்த்தவர், பட்டப்படிப்பை முப்பத்தாறு வயதில் முடித்தவர் என்பதெல்லாம் நம்மாட்களுக்குப் பிடிக்கும் கதைதான். ஆனால் 2011 முதல் 2014 வரை இந்த மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்தபோது அவர் மிதவாதி என்று யாராவது சொல்லியிருந்தால் தலைநகர் ராலேயில் சிரித்திருப்பார்கள். 2013-ல் வந்த தேர்தல் சட்டம் அவர் காலத்தது. அதை 2016-ல் ஃபெடரல் அப்பீல் கோர்ட் தூக்கியெறிந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க மாட்டோம் என்று அதே 2013-ல் சட்டம் போட்டதும் அவர் நடத்திய சபைதான். அதைச் சாதனையாகச் சொல்லித்தான் செனட்டுக்கு ஓட்டும் கேட்டார். கடைசியில் எந்த மெடிக்கெய்டை 2013-ல் தடுத்தாரோ, அதற்காகத்தான் 2025-ல் அடுத்த தேர்தலில் நிற்பதையே விட்டார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அதற்குமுன் கொஞ்சம் கணக்கு. 2014 மே மாதம் ரிப்பப்ளிகன் பிரைமரியில் டில்லிஸ் வாங்கியது சுமார் 2,23,000 ஓட்டு. அன்றைக்கு மாநிலத்தில் பதிந்திருந்த வாக்காளர்கள் 65 லட்சத்துக்கு மேல். அதாவது நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். அந்த மூன்று, நான்கு பேர்தான் அவரை வேட்பாளராக்கினார்கள். நவம்பரில் அப்போதைய செனட்டர், டெமாக்ரட் கே ஹேகனை 45,000 சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 2020-லும் அப்படித்தான், இரண்டு விழுக்காட்டுக்குக் கீழே. இரண்டு தடவையும் பாதி ஓட்டுகூட வாங்காமல் ஜெயித்தவர். இப்படிப்பட்ட மாநிலத்தில் செனட்டர் மத்தளம் மாதிரி. இரண்டு பக்கமும் இடி. மார்ச்சில் கட்சிக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். அதே வாயோடு நவம்பரில் ராலே, சார்லட் புறநகர்க்காரர்களிடம் வந்து நிற்க வேண்டும்.

அந்த இடி எப்படி விழும் என்பதற்கு 2019-ல் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மெக்சிகோ எல்லைச் சுவருக்குக் கேட்ட அளவு பணம் தர அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மறுத்தது. அதிபர் டிரம்ப் அவசரநிலை அறிவித்துப் பணத்தைத் திருப்பிவிட்டார். பிப்ரவரியில் டில்லிஸ் வாஷிங்டன் போஸ்ட்டில் கட்டுரை எழுதினார்: சுவர் வேண்டும், ஆனால் காங்கிரஸின் அதிகாரத்தை அதிபர் இப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது, எதிர்த்து ஓட்டுப் போடுவேன். நான் அதைப் படித்துவிட்டு, ஆளுக்கு முதுகெலும்பு இருக்கிறதே என்று மனைவியிடம் சொன்னது நினைவிருக்கிறது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. வட கரோலினா ரிப்பப்ளிகன்காரர்கள் கொதித்தார்கள், பிரைமரியில் எதிர்த்து நிற்க ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. மார்ச் 14 அன்று ஓட்டெடுப்பு. பன்னிரண்டு ரிப்பப்ளிகன்கள் அதிபரை எதிர்த்தார்கள். கட்டுரை எழுதிய டில்லிஸ் அந்தப் பன்னிரண்டில் இல்லை. அதன் பிறகும் ஒருவர் பிரைமரியில் எதிர்த்துக் கிளம்பினார். ஜூனில் டிரம்பின் ஆதரவு டில்லிஸுக்கு வந்தது. டிசம்பரில் எதிராளி விலகிக்கொண்டார்.

மனைவி இன்னும் அந்த முதுகெலும்பைச் சொல்லிக் காட்டுகிறார்.

இதை ஊர்க்காரர்களுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்திருக்கிறேன். நம் ஊரில் 1985-லிருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவு போட்டபின் எம்.பி. மாற்றி ஓட்டுப் போட்டால் பதவி போகும். சீட்டும் தலைமை கையில். இங்கே இரண்டும் கிடையாது. கட்சிக் கொறடா கெஞ்சலாம், மிரட்டலாம், பதவியைப் பறிக்க முடியாது. சீட்டையும் கட்சித் தலைவர் தருவதில்லை, பிரைமரி வாக்காளர் தருகிறார். கேட்க எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! நானும் 2009-ல் குடியுரிமை வாங்கியபோது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிரைமரிக்கு வருகிறவர்கள் கட்சியின் கடுங்கோட்டில் நிற்பவர்கள் மட்டும்தான் என்றால், அந்தப் பிரைமரியே கொறடா ஆகிவிடுகிறது. எழுதப்படாத கொறடா. அவர்களைத் தட்டியெழுப்ப அதிபரின் ஒரு பதிவு போதும்.

2019-ல் வளைந்த டில்லிஸ் 2020-ல் ஜெயித்தபின் கொஞ்சம் நிமிர்ந்தார். ஆறு வருடம் இருக்கிறதே. 2022 ஜூனில் துப்பாக்கிச் சட்டம் ஒன்று வந்தது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் முதல் குறிப்பிடத்தக்க சட்டம். அதைப் பேசி முடித்த நால்வரில் இவர் ஒருவர். மற்ற மூவர் கிறிஸ் மர்ஃபி, ஜான் கார்னின், கிர்ஸ்டன் சினிமா (ஆமாம், பெயரே அதுதான்). இன்று அந்த நால்வரைப் பாருங்கள். சினிமா கட்சியை விட்டு விலகி, 2024-ல் நிற்காமலே போய்விட்டார். டில்லிஸ் போகிறார். கார்னினை டெக்சாஸில் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் பிரைமரியில் எதிர்க்கிறார். நிம்மதியாக உட்கார்ந்திருப்பது மர்ஃபி ஒருவர்தான். அவர் கனெக்டிகட்காரர், அங்கே துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்ததற்கு அவர் கட்சியில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அதே 2022 நவம்பரில் ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் மசோதாவுக்கும் டில்லிஸ் ஓட்டுப் போட்டார். அடுத்த ஜூனில், கிரீன்ஸ்பரோவில் நடந்த மாநில மாநாட்டில் அவருக்குச் சொந்தக் கட்சியே கண்டனத் தீர்மானம் போட்டது. திருமணம், துப்பாக்கி, குடியேற்றம் என்று பட்டியல். இதில் சுவாரசியம் என்னவென்றால், இரண்டு வருடத்துக்கு முன்புதான் இன்னொரு செனட்டர் ரிச்சர்ட் பர்ருக்கும் இதே கட்சி கண்டனம் போட்டிருந்தது. 2021 பிப்ரவரியில் பதவிநீக்க விசாரணையில் டிரம்ப் குற்றவாளி என்று ஓட்டுப் போட்டதற்காக. பர் ஏற்கெனவே 2016-லேயே, இது என் கடைசித் தேர்தல் என்று சொல்லியிருந்தார். அதனால் அவருக்குப் பயமில்லை, அந்த ஓட்டைப் போட முடிந்தது. ஒரு மாநிலம், இரண்டு செனட்டர், இரண்டு பேருக்கும் சொந்தக் கட்சியின் கண்டனம். இரண்டு தீர்மானமும் வந்தபோது மாநிலக் கட்சித் தலைவராக இருந்தவர் மைக்கேல் வாட்லி. டில்லிஸ் இடத்துக்கு இப்போது டிரம்ப் ஆதரவோடு நிற்கிறவரும் அவரேதான்.

சரி, இந்த ஜூனுக்கு வருவோம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண்மணி வருகிறார். பெயர் வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேல், தனி ஆள், இரண்டு வேலை. பல வருடம் இன்ஷூரன்ஸே இல்லாமல் இருந்தவர். பிள்ளை இல்லாத, ஊனமும் இல்லாத ஏழைக்கு இந்த மாநிலத்தில் அப்போது மெடிக்கெய்டும் கிடையாது. தனியாரிடம் காப்பீடு வாங்க அரசு தரும் ஒபாமாகேர் மானியத்துக்கு வருமானமும் பற்றாது. நடுவில் ஒரு பள்ளம். 2023 மார்ச்சில் சட்டமன்ற ரிப்பப்ளிகன்களும் கவர்னர் ராய் கூப்பரும் ஒத்துப்போய் மெடிக்கெய்ட் விரிவாக்கம் வந்தது, டிசம்பர் 1 முதல் நடைமுறை. தனி ஆளுக்கு ஆண்டு வருமானம் 2024 கணக்கில் சுமார் 20,800 டாலர் வரை இருந்தால் போதும். அட்டை வந்த அன்று அவர் அதை எங்கள் சமையல்மேடையில் வைத்து, அம்மாவிடம் ஃபோட்டோ எடுக்கச் சொன்னார். அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. ரேஷன் கார்டு என்று நினைத்து வாழ்த்தினார். முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது.

இப்படி அட்டை வாங்கியவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். செலவில் பத்தில் ஒன்பது பங்கு வாஷிங்டன் தருகிறது. மீதிப் பத்தில் ஒன்றை மாநிலத்துக்காக மருத்துவமனைகளே வரியாகக் கட்டுகின்றன. அந்த வரிக்கு மேல் வாஷிங்டன் பணம் வந்து, சுற்றி மருத்துவமனைக்கே சிகிச்சைக் கட்டணமாகத் திரும்புகிறது. டிரம்பின் பெரிய பட்ஜெட் மசோதா, விரிவாக்கம் செய்த மாநிலங்களில் அந்த வரியின் உச்சவரம்பை 6 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 3.5-க்கு இறக்குகிறது. அப்படியென்றால் எங்கள் மாநிலத்தின் பங்குக்குப் பணம் எங்கிருந்து வரும்? இதுதான் டில்லிஸ் கேட்ட கேள்வி. பல ஆயிரம் கோடி டாலர் போகும் என்று சொன்னார். கன்சல்டிங் வேலை பார்த்த ஆள். தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

ஜூன் 28, சனிக்கிழமை இரவு, மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு. 51க்கு 49. எதிர்த்த ரிப்பப்ளிகன்கள் இருவர்: கென்டக்கியின் ராண்ட் பால், நம்ம டில்லிஸ். அன்றிரவே அதிபர் பதிவு போட்டார். டில்லிஸை எதிர்த்துப் பிரைமரியில் நிற்கப் பலர் முன்வந்திருக்கிறார்கள், அவர்களைச் சந்திக்கப் போகிறேன் என்று. மறுநாள், நாம் பிசிபேளாபாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டில்லிஸ் அறிக்கை விட்டார். வாஷிங்டன் நாடகத்தில் இன்னும் ஆறு வருடமா, மனைவி பிள்ளைகள் பேரக்குழந்தைகளோடு ஊரிலா என்றால், முடிவெடுப்பது எனக்குக் கஷ்டமில்லை என்று. இரண்டு கட்சியோடும் பேசி முடிவுக்கு வருகிறவர்கள் அழிந்துவரும் இனம் ஆகிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். அந்த இனத்துக்கு உதாரணமாக அவர் சொன்ன இரண்டு பெயரும் டெமாக்ரட் பக்கம் இருந்த செனட்டர்கள்: மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்ச்சின், சினிமா. இருவரும் ஏற்கெனவே போய்விட்டவர்கள்.

அன்று இரவே செனட்டில் எழுந்து பேசினார். அதிபருக்குத் தப்பான ஆலோசனை தரப்பட்டிருக்கிறது, மெடிக்கெய்டைத் தொடமாட்டேன் என்று அவர் கொடுத்த வாக்கு உடையப்போகிறது, 6,63,000 பேருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். பேச்சை முழுக்கப் பார்த்தேன். 2019-ல் கட்டுரையில் இருந்த குரல் ஆறு வருடம் கழித்துத் திரும்ப வந்திருந்தது. வந்தது எப்போது? இனிமேல் நிற்கப்போவதில்லை என்று சொன்ன சில மணிநேரத்தில். ஜூலை 1-ம் தேதி 50க்கு 50 வந்து, துணை அதிபர் வான்ஸ் ஓட்டில் மசோதா நிறைவேறியது.

பயந்து ஓடிவிட்டார், நின்று தோற்றிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நின்று தோற்றவர்களின் கதையும் தெரியும். இண்டியானாவின் ரிச்சர்ட் லூகர், முப்பத்தாறு வருட செனட்டர். சோவியத் யூனியன் உடைந்தபின் அங்கே கிடந்த அணு ஆயுதங்களை அகற்ற சாம் நன்னோடு சேர்ந்து சட்டம் கொண்டுவந்தவர். 2012 மே மாதம் சொந்தக் கட்சிப் பிரைமரியில் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் நவம்பரில் எதிர்க்கட்சியிடம் தோற்றார். கட்சிக்கும் நஷ்டம், ஆனால் எச்சரிக்கை மற்ற எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அரிசோனாவின் ஜெஃப் ஃப்ளேக் அந்த எச்சரிக்கையைப் படித்தவர். 2017 அக்டோபரில், எனக்குப் பிரைமரியில் ஜெயிக்க வழியிருக்கிறது, ஆனால் அதற்கு நான் போக விரும்பாத பாதையில் போக வேண்டும் என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டு நகர்ந்துகொண்டார்.

பிரைமரியில் தோற்றும் பிழைத்தவர் ஒருவர் உண்டு, அலாஸ்காவின் லிசா முர்கவ்ஸ்கி. 2010-ல் பிரைமரியில் தோற்றார். நவம்பரில் வாக்குச்சீட்டில் பெயர் இல்லை. வாக்காளர்கள் கையால் பெயரை எழுதிப் போடட்டும் என்று கிளம்பி, எம்-யு-ஆர் என்று ஊருக்கே ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுத்து ஜெயித்தார். ஸ்டார்பக்ஸில் பெயர் சொல்லி நொந்துபோன நமக்கு அந்தச் சாதனையின் கனம் புரியும். பிறகு அலாஸ்கா மக்கள் 2020-ல் முறையையே மாற்றினார்கள். எல்லாக் கட்சியும் ஒரே பிரைமரியில், முதல் நால்வர் நவம்பருக்கு. அவர் 2022-லும் ஜெயித்தார். அதே ஆள்தான், வாசல் மட்டும் அகலமானது.

ஆனால் எல்லாரும் தோல்விக்குப் பயந்து போவதில்லை. இதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் வாதம் எனக்கே வசதியாகிவிடும். மெயின் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ 2012-ல் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார் என்றே எல்லோரும் நம்பினார்கள். 2009-ல் ஒபாமாவின் மருத்துவ மசோதாவுக்கு நிதிக் குழுவில் ஆதரவாக ஓட்டுப் போட்ட ஒரே ரிப்பப்ளிகன் அவர். அதற்குமுன் எத்தனை மாதப் பேச்சுவார்த்தை, எத்தனை திருத்தம்! கடைசியில் முழு சபையில் அவரே எதிர்த்து ஓட்டுப் போட வேண்டிவந்தது. பிப்ரவரி 28 அன்று, வேட்புமனு தாக்கலுக்குச் சில நாள் இருக்கும்போது, போதும் என்றார். ஜெயித்துப் போய் ஆறு வருடம் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது என்பதுதான் அவர் கேள்வி. இண்டியானா டெமாக்ரட் இவான் பை 2010-ல் போனதும் இதே அலுப்பில்தான். கையில் ஒரு கோடி டாலருக்கு மேல் தேர்தல் நிதி வைத்துக்கொண்டே போனார்.

கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக மூடினால், மிச்சமிருக்கும் கடைக்கும் ஆள் வரத்து குறையும். செனட்டிலும் அதுதான் நடக்கிறது. எதிர்க்கட்சியில் பேசுவதற்கு ஒரு ஸ்னோ, ஒரு லூகர் இருந்தவரை ஒரு இவான் பைக்கு வேலை இருந்தது. மான்ச்சினும் சினிமாவும் போனபின் டில்லிஸுக்கு யாரோடு பேச்சு? யூட்டாவின் மிட் ராம்னி 2023-ல் வயதைக் காரணம் சொல்லி விலகினார். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவரத்துக்குப் பின் குடும்பப் பாதுகாப்புக்கு நாளுக்கு 5,000 டாலர் சொந்தப் பணத்தைச் செலவழித்த மனிதர். அவர் செலவழித்தார், பணம் இருந்தது. இல்லாதவர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று நாமே யூகித்துக்கொள்ளலாம்.

இனி நம் விஷயம். வட கரோலினாவில் பதிந்த வாக்காளர்களில் இன்று பெரிய கூட்டம் டெமாக்ரட்டும் இல்லை, ரிப்பப்ளிகனும் இல்லை. அன்-அஃபிலியேட்டட், எந்தக் கட்சியும் சாராதவர்கள், கிட்டத்தட்ட 38 விழுக்காடு. 2022-லிருந்து இவர்கள்தான் முதலிடம். எனக்குத் தெரிந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறோம். டி.எம்.வி.யில் லைசென்ஸ் எடுக்கும்போது "எந்தக் கட்சி?" என்று கேட்டார்கள், "எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். ஊரில் கட்சிக்காரன் என்று பெயர் வாங்குவது நல்ல குடும்பத்துக்கு அழகில்லை என்று வளர்ந்தவர்கள் நாம்.

கட்சி சாராதவருக்குப் பிரைமரியில் வேலையில்லை என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். இந்த மாநிலத்தில் அது தப்பு. கட்சியில் பதிந்தவருக்கு அந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு மட்டும்தான். நமக்கோ எந்தச் சீட்டு வேண்டுமோ அது, ஏதாவது ஒன்று. 2024 மார்ச்சில் நான் போனேன். எங்கள் வாக்குச்சாவடி ஒரு ஆரம்பப் பள்ளியின் ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேஜை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா என் பெயரை மூன்று முறை முயன்று விட்டுவிட்டு, அடையாள அட்டையைப் பார்த்தார். அப்புறம், மளிகைக் கடையில் காகிதப் பையா பிளாஸ்டிக் பையா என்று கேட்கும் அதே தொனியில், எந்தக் கட்சிச் சீட்டு என்று கேட்டார். சொன்னேன். கொடுத்தார். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டு பேர். நவம்பரில் இதே பள்ளியில் வரிசை பார்க்கிங் வரை வரும்.

அந்த மார்ச்சில் மாநிலம் முழுக்க வந்தவர்கள் நான்கில் ஒருவர். 2022 மே மாதம் ஐந்தில் ஒருவர். நவம்பர் 2024-ல் நான்கில் மூன்று பேர். நடுவில் நிற்பவர்கள் எல்லோரும் நவம்பரில் வந்து, ஏன் இரண்டு பக்கமும் இப்படிப்பட்ட ஆட்களாகவே நிற்கிறார்கள் என்று கேட்கிறோம். சமைக்கும்போது வராமல் பந்தியில் உட்கார்ந்து உப்பு இல்லை என்றால் எப்படி?

சாக்குகளும் கேட்டிருக்கிறேன். "எந்தச் சீட்டு வாங்கினேன்னு ரெக்கார்டில் இருக்குமே" என்று ஒருவர் கேட்டார். இருக்கும், எந்தக் கட்சிச் சீட்டு என்பது பொதுப் பதிவுதான். யாருக்குப் போட்டீர்கள் என்பது இருக்காது. பதிவும் அன்-அஃபிலியேட்டட் என்றே தொடரும். அடுத்த பிரைமரியில் இன்னொரு கட்சிச் சீட்டு வாங்கலாம். ஆபீஸில் யாராவது அதைத் தேடிப் பார்ப்பார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. பார்த்தால்தான் என்ன. இன்னொருவர், "மத்தவங்க வீட்டு விஷயத்துல தலையிடுற மாதிரி இருக்கு" என்றார். கதவைத் திறந்துவைத்து அழைக்கிறது மாநிலச் சட்டம். மூன்றாவது சாக்குதான் உண்மையானது: "மெடிக்கெய்ட் நமக்கு எதுக்குங்க, நமக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கு." இதற்கு நான் பதில் எழுதவில்லை. உங்கள் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் கேளுங்கள்.

எந்தக் கட்சிச் சீட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கூப்பரை நமக்குத் தெரியும். 2022 தீபாவளி அன்று கேரி பெருமாள் கோயிலின் 87 அடி ராஜகோபுரத்தைத் திறந்துவைக்க வந்தார், நீங்கள் எல்லோரும் செல்ஃபி எடுத்தீர்கள். இப்போது டெமாக்ரட் பக்கம் அவர் நிற்கிறார். எதிரே வாட்லி. செனட் மட்டுமில்லை, அந்தச் சீட்டில் கீழே இறங்க இறங்க நீதிபதி, சட்டமன்றம், கவுண்டி என்று வரிசையாகப் பெயர்கள் வரும். அங்கேயும் ஒவ்வொரு பக்கமும் ஒரு மெதுவான ஆளும் ஒரு உரத்த ஆளும் இருப்பார்கள். மெதுவான ஆளை ஒரு தடவை காப்பாற்றிப் பாருங்கள். அவர் செனட்டுக்குப் போக இன்னும் இருபது வருடம் ஆகலாம். டில்லிஸும் 2003-ல் கொர்னீலியஸ் ஊர் கமிஷனராகத்தான் ஆரம்பித்தார்.

பிரைமரி 2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. காலை 6:30-லிருந்து இரவு 7:30 வரை. போட்டோ உள்ள அடையாள அட்டை வேண்டும், டிரைவர் லைசென்ஸ் போதும். மோரிஸ்வில் பக்கம் இருப்பவர்களுக்கு என் வண்டியில் ஆறு பேருக்கு இடமிருக்கிறது, காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன். வருகிறவர்களுக்குக் காபி என் செலவு என்று எழுதிவிட்டேன். வக்கீலாக இருக்கும் நண்பர் படித்துப் பார்த்து அடிக்கச் சொன்னார். ஃபெடரல் தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காக எதைக் கொடுத்தாலும் குற்றமாம், ஃபில்டர் காபியும் சேர்த்தி. ஆகவே காபியை அவரவர் வீட்டிலேயே குடித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அன்று கை தூக்கிய இரண்டில் இறக்காதவன்